எஃப்1 ஃபேண்டஸி: 14 பந்தயம் முடிந்தும் பட்ஜெட் 100 மில்லியனுக்குக் கீழேயே இருக்கிறது, எங்கே தவறு செய்கிறேன்?

ஈரப்பாதை:
வணக்கம். 2025 சீசனில்தான் முதல் முறையாக எஃப்1 ஃபேண்டஸி (ஃபார்முலா 1 கார் பந்தய ஓட்டுநர்களையும் அணிகளையும் வாங்கி ஆடும் இணைய விளையாட்டு, நாம் வைத்திருப்பவர்களின் விலை ஏறினால் நம் பட்ஜெட்டும் ஏறும்) ஆடுகிறேன். எல்லோரையும் போல 100 மில்லியனில் தொடங்கினேன். ஹங்கேரி முடிந்து கோடை இடைவேளை வந்துவிட்டது, என் பட்ஜெட் 98.4. எங்கள் குட்டி லீக்கில் முதலிடத்தில் இருப்பவரிடம் 114 இருக்கிறது. அவர் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர்களை (கார் அணிகளை) நான் விலை பார்க்கக்கூட முடியவில்லை.

இப்போதைய அணி: வெர்ஸ்டாப்பன், நோரிஸ், ஹாட்ஜார், போர்டொலேட்டோ, கொலபின்டோ. கன்ஸ்ட்ரக்டர்கள் சாபர், ஆல்பைன். ஒவ்வொரு வாரமும் சரியாக ஓடாதவரை மாற்றிவிடுகிறேன். இதுவரை இலவச டிரான்ஸ்ஃபருக்கு மேல் 9 மாற்றம், அதாவது 90 புள்ளி போயிற்று. சில்வர்ஸ்டோனில் ஹல்கன்பெர்க் 19-ஆம் இடத்திலிருந்து கிளம்பி 3-ஆவதாக வந்ததும் அவரை வாங்கினேன். ஸ்பாவில் 12-ஆவதாக வந்தார், விற்றுவிட்டேன்.

அடுத்து ஹாட்ஜாரை விற்கலாம் என்று இருக்கிறேன். சில்வர்ஸ்டோனில் விபத்து, ஸ்பாவில் கடைசி இடம், ஹங்கேரியில் 11. விலை இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் 10 பந்தயம் இருக்கிறது. இந்த நிலையை மீட்க முடியுமா?

மஞ்சள்கொடி:
வைல்ட்கார்டு சிப் மீதி இருந்தால் அதைப் போட்டு, அபராதமில்லாமல் மொத்த அணியையும் மாற்றிவிடுங்கள். வேறு வழி தெரியவில்லை.

ஈரப்பாதை:
வைல்ட்கார்டு நான்காவது பந்தயத்திலேயே போய்விட்டது. லிமிட்லெஸ் சிப் (ஒரு வாரம் மட்டும் பட்ஜெட் வரம்பில்லாமல் அணி எடுக்கலாம்) மட்டும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

பிட்சுவர்:
நண்பரே, ஹாட்ஜாரை விற்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படியுங்கள். உங்கள் பணம் எங்கே கரைகிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

விலை ஒரு பந்தயத்தை மட்டும் பார்த்து மாறுவதில்லை. கடைசி மூன்று பந்தயங்களின் சராசரிப் புள்ளியை அவருடைய விலையால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஒரு மில்லியனுக்கு 0.9 புள்ளியைத் தாண்டினால் விலை ஏறும், 1.2-ஐத் தாண்டினால் நன்றாக ஏறும், 0.9-க்குக் கீழே போனால் இறங்கும். பல ஆட்டக்காரர்கள் இந்த சீசனில் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான், எனக்கும் ஒத்துவருகிறது.

ஒருவர் விலை 8 மில்லியன் என்று வையுங்கள். கடைசி மூன்று பந்தயத்தில் எடுத்தது -16, 9, 11. சராசரி ஒன்றரை கூட வரவில்லை, விலை விழுகிறது. பார்ப்பவர் கை உடனே விற்கும் பொத்தானுக்குப் போகும். ஆனால் அடுத்த பந்தயம் முடிந்ததும் அந்த -16 கணக்கிலிருந்து வெளியேறிவிடும். 9, 11, கூடவே புதிய பந்தயத்தின் புள்ளி. 8 மில்லியனுக்குச் சராசரி 7.2 வேண்டும், மூன்றுக்கும் சேர்த்து 21.6. இருபது ஏற்கெனவே கையில் இருக்கிறது. இன்னும் 2 புள்ளி எடுத்தால் விலை ஏறும்! வாங்க வேண்டிய நேரத்தில் நீங்கள் விற்கிறீர்கள், அதுவும் 10 புள்ளி அபராதம் கட்டி.

ஹல்கன்பெர்க் கதை இதற்கு நேர் எதிர். நல்ல பந்தயமும் மூன்று பந்தயத்துக்குச் சோறு போடும். சில்வர்ஸ்டோன் புள்ளி கணக்கில் இருக்கும்வரை, சுமாராக ஓடினாலும் அவர் விலை ஏற வழி இருந்தது. ஸ்பா முடிந்த கையோடு விற்றதில் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டீர்கள்.

அதனால் இனி யாரை விற்பதென்றாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த பந்தயம் முடிந்ததும் கணக்கிலிருந்து விழப்போவது எது? ஹாட்ஜாருக்கு அடுத்த பந்தயமான ஜாண்ட்வோர்ட் முடிந்ததும் சில்வர்ஸ்டோன் விபத்து விழும். ஸ்பா அப்போதும் உள்ளே இருக்கும், அதனால் உடனே ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விற்க இதைவிட மோசமான நேரம் கிடையாது.

கடைசிச்சுற்று:
ஒரு மாற்றுக் கருத்து. பத்தே பந்தயம் மீதி. இப்போது 0.2, 0.6 மில்லியன் என்று சேர்த்து என்ன செய்யப்போகிறார்? பட்ஜெட் வளர்ப்பது சீசன் தொடக்க வேலை. இனி புள்ளிதான் முக்கியம்.

பிட்சுவர்:
பாதி ஒத்துக்கொள்கிறேன். கடைசி மூன்று, நான்கு பந்தயத்தில் விலையைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. அங்கே சேர்த்த பணத்தைச் செலவழிக்க இடமில்லை. ஆனால் 10 பந்தயம் என்பது சிறிதல்ல. 98 வைத்திருப்பவர் 102-க்கு வந்தால் ஒரு நடுத்தர ஓட்டுநரை நல்லவராக மாற்றலாம்.

ஈரப்பாதை, உங்கள் அணியின் பெரிய கோளாறு வேறு. வெர்ஸ்டாப்பனும் நோரிஸும் சேர்ந்து பாதிப் பட்ஜெட்டுக்கு மேல் விழுங்குகிறார்கள். 18.5 மில்லியனுக்கு மேல் உள்ளவர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒரு பந்தயத்துக்கு 0.3-தான் ஏறுவார். அதற்குக் கீழே உள்ளவர் 0.6 வரை ஏறுவார். உங்கள் பணம் ஏற முடியாத இடத்தில் முடங்கிக் கிடக்கிறது. மீதியில் இரண்டு மலிவான கன்ஸ்ட்ரக்டர்கள். கன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டு ஓட்டுநரின் புள்ளியும் வரும், இருவரும் க்யூ3 (தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டம்) போனால் 10, பிட் ஸ்டாப்பில் டயர் மாற்றும் வேகத்துக்குத் தனிப் புள்ளி. அந்த இரண்டு இடத்திலும் சிக்கனம் பிடிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

வெர்ஸ்டாப்பன், நோரிஸ் இருவரில் ஒருவரை விட்டு, ஆல்பைனுக்குப் பதில் மெர்சிடிஸ் வாங்குங்கள். அந்த ஓட்டுநர் இடத்தில் அலோன்சோ போலச் சீராகப் புள்ளி எடுப்பவர் போதும். இரண்டு மாற்றம், அபராதம் இல்லை. லிமிட்லெஸ்ஸை ஆஸ்டின் ஸ்பிரிண்ட் வாரத்துக்கு (கூடுதலாக ஒரு குறும்பந்தயமும் உண்டு) வையுங்கள். பட்ஜெட் குறைவாக இருப்பவருக்குத்தான் அந்த சிப்பால் கூடுதல் லாபம், 114 வைத்திருப்பவருக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

ஈரப்பாதை:
விலை ஏறாததை வைத்தும் அவர்களைக் குறை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, புள்ளி வருகிறதே என்று இருந்தேன். வெர்ஸ்டாப்பனை விற்கிறேன். ஹாட்ஜார் இருக்கட்டும்.

ஈரப்பாதை (ஜாண்ட்வோர்ட் முடிந்த பிறகு):
நோரிஸுக்கு டிஆர்எஸ் பூஸ்ட் (ஓர் ஓட்டுநரின் புள்ளியை இரட்டிப்பாக்கும் வசதி) போட்டிருந்தேன், எண்ணெய்க் கசிவால் நின்றுவிட்டார். அந்த அடி இரண்டு மடங்காக விழுந்தது. விற்ற வெர்ஸ்டாப்பன் இரண்டாவது. மெர்சிடிஸில் ரசல் 4, அன்டோனெல்லி பெனால்டி வாங்கி 16. அலோன்சோ 8.

ஆனால் ஹாட்ஜார் மூன்றாவது! அவருடைய முதல் மேடை. நான் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. உங்களுக்கு நன்றி, பிட்சுவர்.

பிட்சுவர்:
மேடை ஏறுவார் என்று நானும் நினைக்கவில்லை, அது அவர் ஓட்டியது. நோரிஸைக் கோபத்தில் விற்றுவிடாதீர்கள், இயந்திரக் கோளாறு அவர் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த பந்தயமான மோன்ஸா முடிந்ததும் ஹாட்ஜாரின் ஸ்பா புள்ளி கணக்கிலிருந்து போகும். அதுவரை அவரைத் தொட வேண்டாம். மோன்ஸா தகுதிச் சுற்று தொடங்கியதும் அணி பூட்டிக்கொள்ளும், பூஸ்ட்டை அதற்கு முன்பே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.