புதுப்பிப்பு: கார்டு கையில் இருக்க, வேறு ஊர் ஏடிஎம்மில் போன பணம் திரும்பக் கிடைத்தது

சேமிப்புக் கணக்கிலிருந்து 20,000 ரூபாய் இப்படிப் போனதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். முழுத் தொகையும் வந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கார்டை முடக்கி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்து, கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து எண் வாங்கியாயிற்று. "பின் நம்பர் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், நீங்கள்தான் பொறுப்பு" என்றது கிளை. இங்கே கைகொடுத்தது, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைக் காட்டச் சொன்ன யோசனை. அதன்படி, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. மூன்றாம் தரப்பு மோசடியை, அதாவது வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறொருவர் செய்ததை, 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு ஒரு பைசா இழப்பில்லை. பணம் போனதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்த நாள் இந்த எண்ணிக்கையில் சேராது. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 வரை நம் தலையில் விழலாம். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் போன தொகையை வங்கி நம் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் தீர்வு.

புகாரில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் சேருங்கள்: இயந்திரம் படித்தது சிப்பையா, காந்தப் பட்டையையா? கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தினீர்களா? பட்டை என்றால் நகல் கார்டு என்பதற்கு அது வலுவான தடயம். தாமதித்தால் கேமராப் பதிவு அழிந்துவிடும்.

எதிர்பாராதது: அந்தப் பதிவில் தொப்பி போட்ட ஒரே ஆள் அடுத்தடுத்து எதுவும் அச்சிடாத வெள்ளை நகல் கார்டுகளைச் செருகுகிறான். முகம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு செருகலும் நேரத்தோடு இயந்திரத்தில் பதிவாகியிருக்கிறது. மற்ற கணக்குகளின் புகார்களையும் போலீஸ் அதை வைத்தே இணைத்திருக்கிறது.