லினக்ஸ் கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் பேரலல் பிரிண்டர் அடிக்க மாட்டேங்குது – அவசரம்

பில்கவுண்டர் | காலை 9.12
நேத்து ராத்திரி அப்டேட் போட்டு ரீபூட் பண்ணேன். காலைல இருந்து மூணு பிரதி பில் போடுற டாட் மேட்ரிக்ஸ் அடிக்கல. கப்ஸ்ல (பிரிண்ட் க்யூவைப் பார்த்துக்கிற சாஃப்ட்வேர்) பார்த்தா வேலை முடிஞ்சதுன்னு காட்டுது, பிரிண்டர்ல ஹெட் கூட நகரல. கையால பில் எழுதிட்டு இருக்கோம். பழைய கர்னலுக்கு எப்படிப் போறது? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

ஊசிமுனை | காலை 9.20
எந்த டிஸ்ட்ரோ, எந்த கர்னலில் இருந்து எந்த கர்னல்? போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறதா, தனி கார்டா, யுஎஸ்பி கன்வெர்ட்டரா? கப்ஸில் அந்த பிரிண்டரின் முகவரி என்ன போட்டிருக்கிறது? டிமெசேஜில் (கர்னலின் லாக்) 'பார்போர்ட்' (பேரலல் போர்ட் டிரைவர்), 'எல்பி' (அதன் மேல் ஓடும் பிரிண்டர் டிரைவர்) என்று வரும் வரிகளைப் போடுங்கள்.

ரிப்பன்ராஜா | காலை 9.24
முதல்ல பிரிண்டரையே செக் பண்ணுங்க பாஸ். எல்எஃப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பவர் ஆன் பண்ணா செல்ஃப் டெஸ்ட் அடிக்கும். அது அடிச்சா பிரிண்டர் நல்லா இருக்கு, பிரச்சினை கேபிளுக்கு இந்தப் பக்கம்.

கருந்திரை | காலை 9.31
இது செக்யூர் பூட் (கையெழுத்து உள்ள சிஸ்டத்தை மட்டும் பூட் பண்ண விடுற பயாஸ் அமைப்பு) வேலை. கர்னல் 5.4ல இருந்து லாக்டவுன்னு ஒரு பூட்டு உள்ள வந்துடுச்சு, செக்யூர் பூட் ஆன்ல இருந்தா ஹார்ட்வேர் முகவரி எதையும் கையால கொடுக்க விடாது. பயாஸ்ல அதை ஆஃப் பண்ணுங்க, சரியாகிடும்.

பில்கவுண்டர் | காலை 9.40
டெபியன் 12. செல்ஃப் டெஸ்ட் அடிக்குது. பில் மெஷின்ல நெட் இல்ல, ஃபோன்ல பார்த்துப் பார்த்து அடிக்கிறேன், நீளமா எல்லாம் போட முடியாது. பிரிண்டர் போர்ட் எல்பி0 இருக்கு. கப்ஸ்லயும் எல்பி0தான். ரெண்டு வருஷமா அப்படியே ஓடிட்டு இருந்தது.

சிப்செட்செல்வன் | காலை 9.52
கேள்வி கேட்கிற முறை ஒன்று உண்டு. எத்தனை தடவை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. 'டெபியன் 12' என்பது விவரம் அல்ல, 'எல்பி0 இருக்கு' என்பதும் விவரம் அல்ல. ஊசிமுனை நாலு கேள்வி கேட்டார், ஒன்றரைக்குப் பதில் வந்திருக்கிறது.

கருந்திரைக்கு: லாக்டவுன் தடுத்தால் பார்போர்ட்_பிசி மாட்யூலே ஏறாது. 'அனுமதி இல்லை' என்று மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளை திருப்பி அனுப்பும், லாகில் லாக்டவுன் என்றே வரி விழும், எல்பி0 உருவாகவே உருவாகாது. இவருக்கு உருவாகியிருக்கிறது. ஆக அது இல்லை.

ரிப்பன்ராஜா | காலை 9.55
பயாஸ்ல பேரலல் போர்ட் மோட் ஈசிபி-யா எஸ்பிபி-யா பாருங்க. ஈசிபி மோட்ல ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 3 எடுத்துக்கும். கர்னல் மாறினா அங்கதான் இடிக்கும். எஸ்பிபி-ல வெச்சா எந்த டாட் மேட்ரிக்ஸும் ஓடும்.

ஊசிமுனை | காலை 10.03
ராஜா, தனி கார்டாக இருந்தால் அந்த பயாஸ் அமைப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் முதலிலேயே கேட்டேன்.

பில்கவுண்டர், இரண்டே வேலை செய்யுங்கள்.

ஒன்று: ரீபூட் பண்ணி, பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். டெபியன் அதை அழித்திருக்காது. அதிலும் அடிக்கவில்லை என்றால் கர்னலை விட்டுவிடலாம்.

இரண்டு: ரூட்டாக, கேட் /ப்ராக்/சிஸ்/டெவ்/பார்போர்ட்/பார்போர்ட்0/பேஸ்-அட்ரர் என்று கொடுங்கள். ஒன்றோ இரண்டோ எண் வரும், அதை மட்டும் இங்கே போடுங்கள். கடைசிச் சொல்லில் 'அட்ரஸ்' இல்லை, அதன் முதல் நான்கு எழுத்துதான், டேப் தட்டினால் தானே நிரம்பும். எண் ஹெக்ஸில் (16 அடிமானம்) வராது, தசமத்தில் வரும். போர்டிலேயே இருக்கிற வழக்கமான போர்ட் என்றால் 888 1912 என்று இருக்கும் (ஹெக்ஸ் 378, 778).

பில்கவுண்டர் | காலை 10.21
பழைய கர்னல்லயும் அடிக்கல!! எண் 57424 57408. கார்டுதான், பிசிஐ கார்டு, நெட்மாஸ்னு எழுதியிருக்கு. அதை மாத்தவே இல்ல.

யுஎஸ்பிநேசன் | காலை 10.25
இந்தக் காலத்துல ஏங்க பேரலல் கார்டு? யுஎஸ்பி டு பேரலல் கேபிள் ஒண்ணு வாங்கிச் சொருகுங்க, /டெவ்/யுஎஸ்பி/எல்பி0ன்னு வந்துடும், அஞ்சு நிமிஷ வேலை.

சிப்செட்செல்வன் | காலை 10.34
57424 என்றால் ஹெக்ஸ் இ050. 57408 என்றால் இ040. நெட்மாஸ் 9805 கார்டுக்கு அப்படிப்பட்ட முகவரிதான் பயாஸ் தரும், ஒவ்வொன்றும் எட்டு பைட் பகுதியாக. எல்எஸ்பிசிஐ -வி (பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து அந்தக் கார்டின் கீழே 'ஐ/ஓ போர்ட்ஸ் அட்' என்று வரும் முதல் வரியில் என்ன முகவரி என்று பாருங்கள். இ050 இல்லையென்றால் எனக்குக் காரணம் தெரியும். கூடவே /எட்சி/மாட்ப்ரோப்.டி அடைவுக்குள் பார்போர்ட் என்ற சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று க்ரெப் பண்ணுங்கள்.

ரிப்பன்ராஜா | காலை 10.38
யுஎஸ்பிநேசன், மூணு பிரதி பேப்பர்ல அடிக்கிற ஆளுக்கு கேபிளை மாத்திப் பிரயோஜனம் என்ன. அந்த கன்வெர்ட்டர் பிரிண்டர் ஆஃப்ல இருந்தாலும் சிஸ்டத்துல தெரியும், க்யூ ரெடின்னே நிக்கும். அது போக டாஸ் பில்லிங்கை டாஸ்எமுல (லினக்ஸ்ல டாஸ் ஓட்டுற எமுலேட்டர்) ஓட்டுறவங்க போர்ட்டை நேரடியா தொடுற மாதிரி வெச்சிருந்தா, யுஎஸ்பில போர்ட் முகவரின்னு ஒண்ணே கிடையாது.

யுஎஸ்பிநேசன் | காலை 10.44
டாஸ்எமுன்னு அவர் எங்க சொன்னார்? கப்ஸ்ல போறவருக்கு கன்வெர்ட்டரே போதும். மூணு பிரதியெல்லாம் விட்டுட்டு தெர்மல் வாங்கி மூணு தடவை அடிச்சா சத்தமும் இல்ல, ரிப்பன் செலவும் இல்ல.

ரிப்பன்ராஜா | காலை 10.47
தெர்மல் பில்லை வெயில் படுற கண்ணாடி மேசையில வெச்சுப் பாருங்க, ஆடிட்டருக்குப் போகும்போது வெள்ளைத்தாள்தான் போகும். கார்பன்லெஸ் தாள்ல ஊசி அடிச்சு அழுத்தணும், அதுக்கு வேற வழி கிடையாது.

பில்கவுண்டர் | காலை 11.05
எல்எஸ்பிசிஐ-ல டி050. மாட்ப்ரோப்.டி-ல லோக்கல்-எல்பி.கான்ஃப்னு ஒரு ஃபைல், உள்ள 'ஆப்ஷன்ஸ் பார்போர்ட்_பிசி ஐஓ=0எக்ஸ்இ050 ஐஓ_ஹை=0எக்ஸ்இ040'. இது நான் போட்டதில்ல, மெஷின் செட் பண்ணவர் போட்டிருப்பார். நேத்து லேன் கார்டு ஒண்ணும் சேர்த்தேன், அது இதுக்கு சம்பந்தம் இல்லைன்னு சொல்லல.

சிப்செட்செல்வன் | காலை 11.16
'சம்பந்தம் இல்லைன்னு சொல்லல.' இந்த ஒரு வரியை 9.12க்கே எழுதியிருந்தால் இந்த இழை மூன்று பதிலில் முடிந்திருக்கும்.

புதுக் கார்டு வந்ததும் பயாஸ் ஐ/ஓ முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டது. இ000 பகுதி லேன் கார்டு இருக்கும் பிரிட்ஜுக்குப் போனது, உங்கள் பிரிண்டர் கார்டு டி000 பகுதிக்கு இறங்கியது. கோப்பில் இருப்பதோ பழைய இ050. ஐஓ= என்று நாமே கொடுத்துவிட்டால் பார்போர்ட்_பிசி அந்த முகவரியை மட்டும்தான் பார்க்கும், பிசிஐ பஸ்ஸில் தேடவே தேடாது. நெட்மாஸ் 9805 கர்னலுக்குப் பல காலமாகத் தெரிந்த சிப். அந்த வரி எதற்கு எழுதப்பட்டது என்பதே எனக்குப் புரியவில்லை. அழித்துவிட்டு ரீபூட் பண்ணுங்கள்.

கருந்திரை | காலை 11.22
அந்த முகவரில ஒண்ணுமே இல்லன்னா எல்பி0 எப்படி வந்தது? வேலை முடிஞ்சதுன்னு எப்படிக் காட்டுச்சு? அதைச் சொல்லாம அழின்னா எப்படி.

ஊசிமுனை | காலை 11.38
நல்ல கேள்வி. யாரும் இல்லாத ஐ/ஓ முகவரியைப் படித்தால் எட்டு பிட்டும் 1, அதாவது எஃப்எஃப் வரும். மாட்யூல் கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதிப் படிக்கிறது, எழுதியது திரும்பி வரவில்லை. டேட்டாவில் எழுதிப் படிக்கிறது, அதுவும் வரவில்லை. தானாகத் தேடும்போது இப்படி ஆனால் போர்ட் இல்லை என்று விட்டுவிடும். ஆனால் முகவரியை ஆள் கொடுத்திருந்தால் ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு ஆள் சொன்னதை நம்பிக்கொள்ளும். டிமெசேஜில் பாருங்கள், 'நீங்கள்தான் இந்த முகவரியைக் கொடுத்தீர்கள், ஆனால் அங்கே போர்ட் இருக்கிற மாதிரித் தெரியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்.

அடுத்து எல்பி டிரைவர் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. அதுவும் எஃப்எஃப். பிழைக் கம்பியின் பிட் 1 என்றால் பிழை இல்லை என்று அர்த்தம். பிஸி பிட் ஹார்ட்வேரிலேயே தலைகீழ், அங்கே 1 என்றால் பிஸி இல்லை. பேப்பர் தீர்ந்த பிட்டும் 1தான், ஆனால் பிழை பிட் 'சரி' என்று சொல்லும்போது டிரைவர் வழக்கமாக அதைப் பார்ப்பதில்லை. ஆக, 'ரெடி, ரெடி, ரெடி' என்றே பதில். பில் முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் வெறும் காற்றில் போய்விடும். கப்ஸுக்கு எழுதிய பைட் எல்லாம் போய்ச் சேர்ந்த கணக்கு, முடிந்தது என்று போடுகிறது.

நிஜ பிரிண்டர் அவ்வளவு வேகமாக வாங்காது. பெரிய பில் ஒரே நொடியில் 'முடிந்தது' ஆனால் சந்தேகப்பட வேண்டியது போர்ட் முகவரியைத்தான்.

லேன் கார்டு எது? ஐ/ஓவில் 32 பைட் மட்டும் பிடிக்கிற வகை என்றால் இ01எஃப்-ஓடு முடிந்துவிடும், இ050 காலி. 256 பைட் பிடிக்கிற வகையாக இருந்தால் பில்லில் அடிக்க வேண்டிய எழுத்தெல்லாம் லேன் கார்டின் ரெஜிஸ்டருக்குள் போயிருக்கும். அதனால் அந்தக் கோப்பை எடுக்கிற வரை எதையும் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டாம்.

ரிப்பன்ராஜா | காலை 11.44
அழிக்காம இ-யை டி-ன்னு மாத்தினா போதாதா? ஐஓ=டி050, ஐஓ_ஹை=டி040.

சிப்செட்செல்வன் | காலை 11.49
அடுத்த கார்டு சேர்க்கிற அன்று இதே இழையை மறுபடி திறப்பீர்கள்.

ஊசிமுனை | காலை 11.58
அழிக்கவும் வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். மாட்ப்ரோப்.டி-யில் .கான்ஃப் என்று முடிகிற கோப்புகளை மட்டும்தான் படிக்கும். லோக்கல்-எல்பி.பழசு என்று வைத்துவிடுங்கள். பிறகு இந்த வரிசையில்: கப்ஸை நிறுத்துங்கள் (அது எல்பி0-வைப் பிடித்திருந்தால் மாட்யூல் இறங்காது), ஆர்எம்மாட் எல்பி, ஆர்எம்மாட் பிபிடெவ், ஆர்எம்மாட் பார்போர்ட்_பிசி. பிறகு மாட்ப்ரோப் பார்போர்ட்_பிசி, மாட்ப்ரோப் எல்பி. இது சரியாக வந்தால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஒருமுறை கொடுத்துவிடுங்கள், பழைய கோப்பின் நகல் பூட் பிம்பத்துக்குள்ளும் இருக்கும்.

சோதிக்க கப்ஸ் வேண்டாம். எக்கோ சோதனை | சுடோ டீ /டெவ்/எல்பி0 போதும். 'சுடோ எக்கோ சோதனை > /டெவ்/எல்பி0' என்று போட்டால் அனுமதி இல்லை என்று வரலாம், அந்த '>' சுடோவுக்குள் போவதில்லை, உங்கள் ஷெல்தான் கோப்பைத் திறக்கிறது. பலர் அங்கே ஏமாந்து போர்ட்டைக் குறை சொல்கிறார்கள். டெஸ்டில் தமிழ் எழுத்து வேண்டாம், ஆங்கில எழுத்து போடுங்கள், பிரிண்டருக்கு யூனிகோட் தெரியாது.

யுஎஸ்பிநேசன் | பகல் 12.06
இவ்வளவு கூத்துக்கு கேபிள் வாங்கியிருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சம்.

பில்கவுண்டர் | பகல் 12.31
பண்ணேன். அடிக்கல. இப்ப முடிஞ்சதுன்னும் காட்டல, க்யூல அப்படியே நிக்குது.

சிப்செட்செல்வன் | பகல் 12.36
வரிசை மாற்றிச் செய்திருப்பீர்கள். ரீபூட் பண்ணுங்கள் என்றுதானே சொன்னேன்.

ஊசிமுனை | பகல் 12.45
செல்வன் சார், பொறுங்கள். முன்பு காற்றில் போனது, இப்போது நிற்கிறது. அதாவது இப்போது எல்பி0 நிஜமான ஒரு போர்ட், ஆனால் எதிரே பிரிண்டர் இல்லாத போர்ட். பேஸ்-அட்ரர் மறுபடி பாருங்கள், 888 வருகிறதா? பல போர்டுகளில் பின்னால் ஓட்டை இருக்காது, உள்ளே 26 பின் ஹெடராகப் பேரலல் போர்ட் இருக்கும், பயாஸில் ஆனில் இருக்கும். தேடும்போது போர்டில் உள்ளதுதான் முதலில், பிசிஐ கார்டு அப்புறம். ஆக, கார்டு பார்போர்ட்1, எல்பி1. மெஷினை அமைத்தவர் அந்த வரியை எழுதியதும் இதற்காகத்தான் இருக்கும், கார்டு எல்பி0-வாக வர வேண்டும் என்று.

எல்பி1-க்கு டீ பண்ணிப் பாருங்கள். அடித்தால்: எல்பிஅட்மின் -பி (உங்கள் பிரிண்டர் பெயர்) -வி பேரலல்:/டெவ்/எல்பி1. அல்லது பயாஸில் போர்டின் போர்ட்டை டிஸேபிள் பண்ணினால் கார்டே எல்பி0 ஆகிவிடும், கப்ஸைத் தொட வேண்டாம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால், இல்லாத எல்பி1-ஐ கப்ஸ் தேடிக்கொண்டிருக்கும்.

கருந்திரை | பகல் 12.50
லாக்ல 'எல்பி0 ஆன் ஃபயர்'னு வந்தா சொல்லுங்க, தண்ணி ஊத்தலாம் 😄

ரிப்பன்ராஜா | பகல் 12.53
அது இன்னும் இருக்கா? எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்.

சிப்செட்செல்வன் | பகல் 12.59
இருக்கிறது. பிழைக் கம்பி இழுபட்டிருக்கிறது, ஆனால் பேப்பர் இருக்கிறது, ஆன்லைனிலும் இருக்கிறது என்றால் டிரைவர் அந்த வரியை எழுதும். வேடிக்கைக்கு வைத்த வரி அல்ல, காரணம் தெரியாத பழுது என்று அர்த்தம். 888 விஷயத்தில் ஊசிமுனை சொல்வது சரியாக இருக்கலாம். ஹெடர் இருப்பதை அவர் சொல்லவில்லை.

பில்கவுண்டர் | பகல் 1.22
888தான். எல்பி1ல அடிச்சிடுச்சு. நன்றி ஊசிமுனை அண்ணா. கடைல கூட்டம், அப்புறம் வரேன்.

ஊசிமுனை | பகல் 1.30
கப்ஸை மாற்றினீர்களா, பயாஸை மாற்றினீர்களா? க்யூவில் காலையிலிருந்து நிற்கிற வேலைகளை கேன்சல் -ஏ கொடுத்து அழித்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் டெஸ்ட் பில் எல்லாம் மூன்று பிரதி தாளில் வரிசையாக வரும்.

யுஎஸ்பிநேசன் | மாலை 4.10
தெர்மல் தாள் பத்தி ராஜா சொன்னதுக்கு ஒரு பதில். இப்ப மேல கோட்டிங் போட்ட தாள் வருது, நல்ல ரோல் வாங்கினா சீக்கிரம் மங்காது.

ரிப்பன்ராஜா | மாலை 4.18
அந்த ரோல் என்ன விலைன்னும் சேர்த்துப் போடுங்க. இங்க ரிப்பன் விலையோட வெச்சுப் பார்க்கலாம்.