மேக் மினியா, அசெம்பிள் செய்த பிசியா, லினக்ஸா? 80 ஆயிரத்துக்குள் எது தேறும்?

திருமங்கலத்து மாமன்:

வணக்கம். அக்கா மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். டெஸ்க்டாப் வாங்கித் தருவது தாய்மாமன் பொறுப்பு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவளுக்குக் காது குத்தியபோதுகூட நான் இவ்வளவு மண்டையைக் குடைந்ததில்லை. மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 80 ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டும். கல்லூரிக்குத் தூக்கிப் போக ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, அதனால் லேப்டாப் வாங்குங்கள் என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

டவுனில் கடைக்காரர், ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 சிப் போட்டு அசெம்பிள் செய்து தருகிறேன், கிராபிக்ஸ் கார்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் பங்காளி, ஆப்பிளின் சின்ன டெஸ்க்டாப்பான மேக் மினியைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறான். பிள்ளையைக் கேட்டால், எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், நான் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறாள். இதற்கு நடுவே மச்சான் வேறு. பெயிண்ட், ஆணி விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், ராத்திரி வந்து அதிலேயே டேலி கணக்கையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

கொடுக்கிற காசுக்கு எது தகும், புரோகிராமிங் படிக்க எது வசதி, நாலைந்து வருஷம் எது தாங்கும்? எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

இலந்தைகுளம் நைட் ஷிப்ட்:

உங்கள் பங்காளி சொல்வதைத் தள்ளிவிட முடியாது அண்ணே. ஆப்பிளின் எம்4 சிப் போட்ட மேக் மினி 2024 கடைசியில் இங்கே 59,900 ரூபாய்க்கு வந்தது, மாணவர் விலை 49,900. அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி மெமரி. முன்பெல்லாம் 8 ஜிபியைக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு கேட்டால் கையை நீட்டுவார்கள், அந்தக் கதை இதில் இல்லை. சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் 10 கோர், அதில் 4 வேகத்துக்கு, 6 கரண்டை மிச்சம் பிடிக்க. ஒற்றைக் கோர் வேகத்தில், கடைக்காரர்கள் அதிகம் தள்ளிவிடும் ரைசன் 5 5600ஜி சிப்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த ஒற்றைக் கோர் வேகம்தான், எடிட்டர் சடாரென்று பதில் சொல்வதும் சின்ன புராஜெக்ட் கம்பைல் ஆகி முடிவதும் அதில்தான் இருக்கிறது.

கரண்ட் விஷயத்தில் இதற்குப் போட்டியே இல்லை. சும்மா கிடக்கும்போது 4 வாட், முழு மூச்சில் ஓடினால் 65 வாட், இது ஆப்பிளே கொடுக்கும் கணக்கு. சின்ன யுபிஎஸ் ஒன்றே மானிட்டரோடு சேர்த்து நல்ல நேரம் தாங்கும்.

ஐபோன் ஆப் செய்யும் ஆசை அவளுக்கு இருந்தால் பேச்சே கிடையாது, அதற்கான ஆப்பிள் மென்பொருள் எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்தே ஆப் எழுத உதவும் பிளட்டரில் எழுதினாலும் ஐபோனுக்கு பில்ட் எடுக்க மேக் வேண்டும். எக்ஸ்கோட் இலவசம், ஆனால் ஆப் ஸ்டோரில் போட வருஷத்துக்கு 99 டாலர். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர் கட்டினால் முடிந்தது.

குறை எங்கே என்றால், 256 ஜிபி இடம். எக்ஸ்கோட், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர், புரோகிராமை அதற்கு வேண்டியதோடு பொட்டலம் கட்டி ஓட்டும் டாக்கரின் நாலு இமேஜ், அவ்வளவுதான், மூச்சு முட்டிவிடும். 512 ஜிபி மாடலுக்கு 20 ஆயிரம் கூடுதலாக வைத்தார்கள், பகல் கொள்ளை. அதைக் கொடுக்காமல் வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளுங்கள். மெமரியை மட்டும் பின்னால் கூட்டவே முடியாது, வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும்.

பெரியார் நிலையம் பெங்குவின்:

இந்தப் பிள்ளை எதை வாங்கினாலும் லினக்ஸ் போடுவேன் என்கிறாள், யாராவது அதைக் காதில் வாங்கினீர்களா? எம்4 மேக்கில் லினக்ஸை நேரடியாகப் போட்டு ஓட்ட முடியாது. மேக்கில் லினக்ஸை ஓடவைக்க முயலும் ஆசாஹி லினக்ஸ்காரர்கள் பாடுபட்டு எம்1, எம்2 வரை கொண்டுவந்து விட்டார்கள், எம்4 இன்னும் அந்த வரிசையில் இல்லை. மேக்குக்குள்ளே விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பாவனைக் கம்ப்யூட்டராக ஓட்டலாம், அது வேறு சமாச்சாரம்.

வேகத்தைப் பற்றி நைட் ஷிப்ட் தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு வரும் தொந்தரவு வேறு மாதிரி. லினக்ஸில் வழக்கமான கம்பைலர் ஜிசிசி, மேக்கில் ஜிசிசி என்று அடித்தால் உண்மையில் ஓடுவது கிளாங் என்ற வேறு கம்பைலர். போட்டிகளுக்குக் கோட் எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே போடும் எல்லா லைப்ரரியையும் ஒரே வரியில் சேர்க்கும் அந்த பிட்ஸ் ஹெடர் அதில் கிடையாது, தனியாக ஜிசிசியை இறக்கிச் சரிசெய்ய வேண்டும். டாக்கர் மேக்கில் ஓடினாலும் அடியில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின்தான் ஓடுகிறது, அந்த மெஷினும் இருக்கிற 16 ஜிபியில்தான் பங்கு கேட்கும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை மேக் வழக்கமாகக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் கண்டுகொள்ளும். வீட்டில் ஓடிய புராஜெக்ட் சர்வரில் ஏற்றியதும் கோப்பைக் காணோம் என்று நிற்கும்.

விண்டோஸ் இப்போது பழைய விண்டோஸ் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பு 2019-ல் வந்தபிறகு உள்ளேயே அசல் லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது. ஒரே எச்சரிக்கை, புராஜெக்ட்டை சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸ் பக்கமிருந்து திறந்தால் ஆமை வேகம்தான், லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையிலேயே வைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டபிள்யூஎஸ்எல் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இதெல்லாம் பேசுகிறோம், கல்லூரி லேபில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்து டர்போ சி++ இன்னும் சில இடங்களில், பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் நீல நிறத்தில் உயிரோடு இருக்கிறது, அதில் பழகிய கையால் இன்றைய கம்பைலரில் எழுதினால் கொனியோ ஹெடரிலேயே அடி விழும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்? இந்தப் பிள்ளை தானாகவே கேட்கிறாள், கெடுத்துவிடாதீர்கள்.

என் கணக்கு: ஏஎம்5 சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) உள்ள போர்டு, ரைசன் 5 8600ஜி, லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு. கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 2022-ல் வந்த சாக்கெட், குறைந்தது 2027 வரை புதுச் சிப்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆக நாலாம் ஆண்டில் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 5600ஜி போட்டால் அது பழைய ஏஎம்4, அங்கிருந்து மேலே போக வழி குறைவு.

கீழமாசி சர்வீஸ்:

நான் ரிப்பேர் பக்கத்து ஆள், கோட் எழுதத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

டேலி பிரைம் விண்டோஸுக்குத்தான். லினக்ஸ் போட்டாலும் மேக் வாங்கினாலும் மச்சான் கணக்குக்குச் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் அதன் டிரைவரும் ஒரு தலைவலி. அதைவிட முக்கியம், படிக்கிற பிள்ளை ஓஎஸ்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் மெஷினில் கடைக் கணக்கை வைக்கவே வைக்காதீர்கள். ராத்திரி வீட்டில் சும்மா கிடக்கும் அந்தப் பழைய லேப்டாப்பே டேலிக்கு எதேஷ்டம். ஆனால் அதில் விண்டோஸ் 10 இருந்தால் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் மாறாமல் இருக்கிற சங்கடம் கடைக் கணக்குக்கு மட்டும் இல்லை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களில் சிலர் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-ஐ இன்னும் விடவில்லை, அதற்காகவே பழைய விண்டோஸைக் காப்பாற்றித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள்.

அசெம்பிள் என்றால் கொட்டேஷனில் இரண்டு இடத்தில் கை வைப்பார்கள். ஒன்று எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கேபினெட்டோடு இனாமாக வருவதை வாங்கவே வேண்டாம், கரண்டை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை இருப்பதைத் தனியாக வாங்குங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் முதலில் போவது அதுதான், போகும்போது தனியாகப் போகாது. இரண்டாவது விண்டோஸ். ஐந்நூறு ரூபாய்க்குச் சாவி போட்டுத் தருகிறேன் என்றால் அது லைசென்ஸ் இல்லை. லினக்ஸ் போடுகிற பிள்ளைக்கு இந்தச் செலவே மிச்சம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 ஸ்டாக்கை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். வோல்டேஜ் கோளாறில் சிப்பே பழுதானது, 2024-ல் இன்டெல் திருத்தம் கொடுத்து வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் மாறும் அந்த நொடியில் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும், தனி யுபிஎஸ் வேண்டும். சித்திரை வெயிலில் கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

திருமங்கலத்து மாமன்:

ரொம்ப நன்றி, மச்சானிடம் லேப்டாப்பைக் காட்டியாயிற்று, அவர் முகம் சுருங்கிவிட்டது, சரி போகட்டும். இன்னொன்று. அடுத்த வருஷம் மெஷின் லேர்னிங் பாடம் எடுக்கப் போகிறாளாம், அதற்கு இப்போதே கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

இலந்தைகுளம் நைட் ஷிப்ட்:

இந்த இடத்தில் மேக்கை நான் தாங்கிப் பேச மாட்டேன். கிராபிக்ஸ் கார்டை வைத்துக் கணக்குப் போட உதவும் என்விடியாவின் குடா 2007-லிருந்து இருக்கிறது, பாட நோட்டுகளும் கிட்ஹப்பில் கிடக்கும் கோடும் பெரும்பாலும் அதை நம்பி எழுதியவை, அது மேக்கில் ஓடாது. மெஷின் லேர்னிங்குக்கான பைடார்ச், மேக்கின் ஜிபியுவிலும் (கிராபிக்ஸ் சிப்) 2022 முதல் ஓடுகிறது, ஆனால் அங்கங்கே ஏதாவது ஒன்று இன்னும் வேலை செய்யாது, படிக்கிற பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு அதைத் தோண்டிக்கொண்டிருக்கும். தயாராக இருக்கும் மொழி மாடலை இறக்கி வீட்டில் ஓட்டிப் பார்க்க மட்டும் மேக் நல்லது, மெமரி முழுவதும் ஜிபியுவுக்கும் பொது என்பதால்.

இப்போதே கார்டு வாங்க வேண்டாம். பாட அளவுக்கு, பிரவுசரிலேயே திறந்து கூகுளின் கம்ப்யூட்டரில் கோடை ஓட்டும் கூகுள் கோலாப் இலவசமாகவே போதும். பிறகு வாங்கினால் மாடல் எண்ணைவிட கார்டில் இருக்கும் மெமரியைப் பாருங்கள், ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 8 ஜிபி, அதற்கு முந்தைய 3060-ல் 12 ஜிபி உள்ளதும் உண்டு.

பெரியார் நிலையம் பெங்குவின்:

அப்படியானால் கார்டு பின்னால் போட இடம் உள்ள பெட்டிதான் வேண்டும், மினியில் ஏது இடம்? தம்பியே என் பக்கம் வந்துவிட்டார்.

இலந்தைகுளம் நைட் ஷிப்ட்:

ஐபோன் ஆப் இல்லை என்றால் மட்டும்.

திருமங்கலத்து மாமன்:

மாமா ஐடியில் இருந்து நான்தான் எழுதுகிறேன், அவருடைய அக்கா மகள். ஐபோன் ஆப் செய்யும் எண்ணம் இப்போது இல்லை, என்னிடம் ஐபோனும் இல்லை. 8600ஜி போர்டே எடுத்துக்கொள்கிறேன், உபுண்டுதான். அப்பாவின் டேலி என் மெஷினில் வராது என்று எல்லோரும் சொன்னதற்குத் தனியாக நன்றி. ராம் விலையைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. இப்போதைக்கு 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கிக்கொண்டு, விலை இறங்கினதும் இன்னொன்று போடலாமா?

கீழமாசி சர்வீஸ்:

ஒரே ஸ்டிக் வேண்டாம்மா. அந்தச் சிப்பில் கிராபிக்ஸ் தனி மெமரி இல்லாமல் இந்த ராமையேதான் எடுத்துக்கொள்ளும், ஒற்றை ஸ்டிக் என்றால் கிராபிக்ஸ் வேகம் நன்றாகவே இறங்கிவிடும். 8 இரண்டாகப் போடு. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதிலும் பலன் தெரியவில்லை, ஏஐ சர்வர்களுக்கே எல்லா மெமரியும் போகிறது, மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் கடைகளுக்கு விற்கும் குரூஷியல் ராமையே நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டது. பில் போடும்போது ராம், எஸ்எஸ்டி, போர்டு எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லு. வாரண்டிக்குப் போகும்போது அசெம்பிள் என்று மொத்தமாக ஒரு வரி போட்ட பில்லை யாரும் மதிக்க மாட்டார்கள்.