கோஸில் அசுவினி: மருந்தடிப்பதா, பொறிவண்டை நம்புவதா?

கோத்தகிரி விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். அரை ஏக்கரில் போட்டுள்ள முட்டைக்கோஸில், இலை மடிப்புகளுக்குள் சாம்பல் பூசியதுபோல் அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) அடைந்திருக்கிறது. அதே செடிகளில் சிவப்புப் பொறிவண்டுகளும், ஆரஞ்சுப் புள்ளியுள்ள கருஞ்சாம்பல் புழுக்களும் ஊர்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து போதும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

கூக்கல்தொரை:
பொறுங்கள் ஐயா. அந்தப் புழுக்கள் பொறிவண்டின் இளம்பருவம்தான். அவை கோஸ் இலையைக் கடிப்பதில்லை. கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் ஒவ்வொன்றும் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், சிறிய புழு அசுவினியின் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிடுவதும், முதிர்ந்த புழு முழுதாக மென்றுவிடுவதும் தெரியும். ஆனால் பெண் அசுவினி இணைசேராமலேயே குட்டி ஈனுவதால் முதலில் பெருகுவது அதுதான். வண்டு பின்னால்தான் வரும், அதுவும் நம் மலைக்குளிரில் மெதுவாகத்தான் வளரும். இந்த இடைவெளியில் பொறுமையிழந்து இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்தை அடித்தால் வண்டும் புழுவும் மடிந்துவிடும்; தப்பிய அசுவினி தடையின்றிப் பெருகும். அசுவினி அப்பிய வெளியிலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அப்படிக் கிள்ளும்போது, இலையடியில் பொறிவண்டின் மஞ்சள் முட்டைகள் கொத்தாக நிமிர்ந்து நின்றால் அந்த இலையை மட்டும் விட்டுவிடுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அசுவினி கழிக்கும் தேன்நீருக்காக எறும்புகள் பொறிவண்டை விரட்டும்.

கோத்தகிரி விவசாயி:
நன்றி ஐயா. பொறிவண்டுகளை விலைக்கு வாங்கி விடலாமா?

கொடைக்கானல்:
நம் பக்கம் பெரும்பாலும் விற்பனைக்குக் கிடைப்பது கிரிப்டோலீமஸ் என்ற வண்டு. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சிக்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்ட அது, கடைசியில் மாவுப்பூச்சியைத்தான் முக்கிய இரையாக்கிக்கொண்டது. எனவே கோஸ் அசுவினிக்கு அதை வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. வரப்பில் கொஞ்சம் கொத்தமல்லியைப் பூக்க விட்டால், மகரந்தத்தையும் தேனையும் நாடி நம் ஊர் வண்டுகளே வந்து சேரும்.

இன்னொன்று: பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தால், அதன் இலையைச் சல்லடையாகச் சுரண்டும் புள்ளிவண்டையும் இதே இனமென்று வளர விட்டுவிடாதீர்கள். அதன் முதுகில் பளபளப்பு இருக்காது, மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி அழித்துவிடலாம்.