தாராசுரம் சிற்பங்களுக்குப் பழைய 200டி போதுமா, இல்லை சின்ன மிரர்லெஸ்ஸா?

குடந்தைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். கேமரா வாங்குவதில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, கோயில் சிற்பங்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே தாராசுரம், கொஞ்சம் போனால் கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர். தாராசுரத்தில் கருவறைச் சுவரின் வெளிப்பக்க அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாகப் போகுமே, அதை முதலிலிருந்து கடைசி வரை ஒரு வரிசையாகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இரண்டாவது, திருவிழா. மாசி மகம், இரவு வீதி உலா, அந்த மாதிரி. இதுவரை எல்லாம் செல்போனில்தான். சிற்பத்தைப் போனில் எடுத்தால் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரிதாக்கினால் கல்லின் பொளிவு, உளி பட்ட தடம் எல்லாம் வழித்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

கையில் நாற்பதாயிரம் வரை இருக்கிறது. இரண்டு பழைய கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கேனான் 200டி, அதாவது உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், 18-55 லென்ஸ், கூடவே வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ். தெரிந்த ஸ்டூடியோ அண்ணன் வைத்திருந்தது. இன்னொன்று சோனி ஏ6000, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ், 16-50 லென்ஸோடு. சோனி கைக்கு அடக்கமாக இருக்கிறது, பைக்குள் போட்டால் இருப்பதே தெரியவில்லை. கேனானைப் பிடித்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் "டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, இப்போது போய் அதில் காசைப் போடாதே" என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமாகவே அப்படித்தானா?

நிழல்விழி:

நான் ஏ6000 பயன்படுத்துகிறேன், அதனால் என் ஓட்டு சோனிக்கு. முக்கியமான காரணம், கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரில் என்ன தெரிகிறதோ அதுதான் படம். கருங்கல் சிற்பத்தை எடுக்கும்போது கேமராவின் மீட்டர் ஏமாந்துவிடும், கறுப்பாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், எண்ணெய் பூசின கல் சாம்பல் நிறத்தில் வெளிறிப்போய் வரும். மிரர்லெஸ்ஸில் எடுப்பதற்கு முன்னாலேயே அது கண்ணுக்குத் தெரிகிறது, வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாக) குறைத்துவிட்டு எடுக்கலாம். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இது தெரியாது, எடுத்த பிறகு திரையில் பார்த்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

அப்புறம் 16 மிமீ. இந்த எண் சின்னதாக ஆக ஆக அகலமாகப் பிடிக்கும். கேனானில் 18-இல்தான் ஆரம்பம், அதிலும் கேனான் சென்சார் கொஞ்சம் சின்னது, லென்ஸ் எண்ணை 1.6 மடங்காக்கிப் பார்க்க வேண்டும். முழு ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் சோனி 24-இல் தொடங்கும், கேனான் 29-இல் தொடங்கும். குறுகலான பிராகாரத்தில் முதுகு சுவரில் முட்டி நிற்கும்போது இந்த ஐந்து மிமீ ரொம்பப் பெரிய விஷயம். எடையும் பாருங்கள். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து ஏ6000 344 கிராம், அந்த 16-50 லென்ஸ் 116 கிராம். மொத்தமே அரைக் கிலோ வராது.

குறை என்றால் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 360 படம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு, வ்யூஃபைண்டரிலேயே பார்த்து எடுத்தால் இன்னும் குறையும். கூட ஒன்று வாங்கிவிடுங்கள். போன் மாதிரி யூஎஸ்பி வயரிலேயே சார்ஜ் ஏற்றலாம், பவர் பேங்க் போதும்.

பழங்கண்ணாடி:

டிஎஸ்எல்ஆர் என்றாலே ஒரே வகை என்று நினைத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். கேனான் 1500டி, நிக்கான் டி3500 இதெல்லாம் ஒரு பக்கம், 200டி வேறு பக்கம். நீங்கள் கேட்டது டி3500 என்றால் நானே சோனி வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தேவைக்கு இதுதான் அடிப்படை.

தாராசுரம் சிற்ப வரிசை எங்கே இருக்கிறது? இடுப்புக்குக் கீழே. அதை நேருக்கு நேராக, கோணல் இல்லாமல் எடுக்க வேண்டும் என்றால் கேமராவும் அதே உயரத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து குனிந்து எடுத்தால் உருவங்களின் தலை பெருத்துக் கால் சிறுத்து வரும், வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டவே ஒட்டாது. சுந்தரர் பாட, முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற அந்தச் சிற்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் உருவம் எவ்வளவு சின்னது! அதை மேலிருந்து எடுத்தால் முதலையின் மேல்தாடை நிழலிலேயே பாதி போய்விடும். ஒவ்வொரு சிற்பத்துக்கும் தரையில் மண்டியிட்டு வ்யூஃபைண்டரில் கண் வைத்து எடுப்பது என்பது கால் வீங்கும் வேலை. ஆக, உங்களுக்கு முதலில் வேண்டியது மடங்கித் திரும்புகிற திரை. இரண்டாவது, அந்தத் திரையைப் பார்த்து எடுக்கும்போதும் வேகமாக, சரியாக ஃபோகஸ் ஆக வேண்டும்.

டி3500-இலும் 1500டி-யிலும் திரை அசையாது. லைவ் வ்யூ, அதாவது திரையைப் பார்த்து எடுக்கிற முறை, போட்டால் ஃபோகஸ் முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே இருக்கும். 200டி-யில் திரை பக்கவாட்டில் திறந்து எந்தப் பக்கமும் சுழலும், தொடுதிரை, 2017-இல் வந்த மாடல், உள்ளே டூயல் பிக்சல் ஃபோகஸ். சென்சாரிலேயே ஃபோகஸ் நடக்கிறது. அதாவது கண்ணாடியைத் தூக்கிவிட்டு லைவ் வ்யூவில் எடுக்கும்போது அது ஒரு மிரர்லெஸ்தான். நிழல்விழி சொன்ன "எடுப்பதற்கு முன்னாலேயே வெளிச்சம் தெரியும்" என்பதும் அப்போது அதிலும் உண்டு. சிற்பத்தின் முகத்தை விரலால் தொட்டால் அங்கே ஃபோகஸ் ஆகிப் படம் விழும். ஏ6000-இல் திரை மேலும் கீழும் மட்டும்தான் சாயும், தொடுதிரை கிடையாது. படுக்கை வாட்டப் படத்துக்கு அது போதும், ஆனால் கோஷ்டத்தில் (சுவர் மாடத்தில்) நிற்கிற உருவத்தை நெடுவாட்டில் எடுக்கக் கேமராவைத் திருப்பினால் அந்தச் சாய்வால் பிரயோஜனம் இல்லை.

200டி-யின் நிஜமான பலவீனம் வ்யூஃபைண்டர் பக்கம்தான். ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், அதில் நடுவில் உள்ள ஒன்றுதான் உறுதியானது. சோனியில் 179. ஓடுகிற, அசைகிற விஷயத்துக்கு சோனி நன்றாகவே முன்னால் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கல் எங்கேயும் ஓடப் போவதில்லை.

இன்னொன்று, தொல்லியல் துறைக் கோயில்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் மண்டபத்துக்குள் இருட்டில் உள்ள தூண் சிற்பங்களுக்கு எஃப் 1.8-ஐ விட லென்ஸில் உள்ள, கை நடுக்கத்தைத் தாங்குகிற ஸ்டெபிலைசர்தான் உதவும். கல் அசையாததால் பத்தில் ஒரு விநாடிக்கு இறங்கலாம், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 5.6 அல்லது 8 வைத்தால் மூக்கிலிருந்து பின்சுவர் வரை எல்லாம் துல்லியமாக விழும். 1.8-இல் எடுத்தால் மூக்கு தெளிவு, காது மங்கல். உங்களுக்குச் சொன்ன, கேமராவோடு வருகிற இரண்டு கிட் லென்ஸிலும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, அது வரைக்கும் சமம். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், எண்ணெய்க் கல்லில் வெள்ளைத் திட்டாக எதிரொளிக்கும், பொளிவும் தட்டையாகிவிடும்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை, கேமராவை விட இது முக்கியம். பொளிவு தெரிய வேண்டுமானால் வெயில் சுவரை உரசிக்கொண்டு விழ வேண்டும். தென்சுவருக்கு மார்கழி, தை மாதங்களில் வெயில் நன்றாக உள்ளே வரும். வடசுவருக்கு சூரியன் வடக்கே போகிற சித்திரையிலிருந்து ஆடி வரைதான் நேர் வெயில். அந்த மாதங்களில் உச்சிவேளையில் ஏறக்குறைய மேலிருந்தே சுவரை ஒட்டி இறங்கும், சின்னச் சிற்பங்களுக்கு அது ரொம்ப அருமையான வெளிச்சம், ஆனால் தரைக்கல் காலைச் சுடும். ஆக முழு வரிசையையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது, ஒரு வருடத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேரடித்தெரு:

திருவிழாப் பக்கத்தை யாரும் பேசவில்லையே. நான் மதுரைப் பக்கம், இரவுப் புறப்பாடுதான் அதிகம் எடுக்கிறேன். கிட் லென்ஸ் இரண்டுமே அதற்கு உதவாது அண்ணா. சுவாமி அசைந்து வருகிறார், தூக்குகிறவர்கள் முகத்தில் வேர்வை, தீவட்டி ஒரு பக்கம், வாகனத்தைச் சுற்றிக் கண்ணைப் பறிக்கிற எல்இடி ஒரு பக்கம். ஷட்டர் வேகம் குறைந்தது விநாடியில் 125-இல் ஒரு பங்கு வேண்டும், அப்போது எஃப் 5.6 லென்ஸில் ஐஎஸ்ஓ எங்கேயோ போய் நின்று படம் புள்ளி புள்ளியாகிவிடும். இங்கே 1.8 லென்ஸ் இருப்பது பெரிய பலம். கேனானோடு 50 மிமீ சேர்ந்து வருகிறது என்றால் அது சும்மா விடக்கூடியது இல்லை. சோனிக்கு சிக்மா 30 மிமீ எஃப் 1.4 அருமையான லென்ஸ், நானே வைத்திருக்கிறேன், ஆனால் அது தனிச் செலவு, உங்கள் நாற்பதாயிரத்துக்குள் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். 200டி-யில் 50 மிமீயை முழுதாகத் திறந்து வ்யூஃபைண்டரில் எடுத்தால் சில கேமரா-லென்ஸ் ஜோடிகளில் ஃபோகஸ் ஒரு விரற்கடை முன்னேயோ பின்னேயோ விழும். அதைச் சரிசெய்துகொள்ளும் வசதி இந்த ஆரம்ப நிலை கேமரா உடல்களில் கிடையாது. வாங்கும் முன் வ்யூஃபைண்டரில் ஒன்று, லைவ் வ்யூவில் ஒன்று, ஒரே இடத்தைக் குறிவைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி.

என் ஓட்டு? கூட்டத்துக்குள் நுழைந்து எடுக்க எனக்குச் சின்ன உடல்தான் தோது. பெரிய கேமராவைக் கண்டால் ஜனங்கள் நிமிர்ந்து நின்று போஸ் கொடுக்கிறார்கள், இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் உங்களுக்குச் சிற்பம்தான் முதலில் என்றால் பழங்கண்ணாடி சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குடந்தைவாசி:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. திரை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. மனசு 200டி பக்கம் சாய்கிறது. இரண்டு கேள்வி பாக்கி. இதில் காசு போட்டால் நாளைக்கு மிரர்லெஸ் வாங்கும்போது லென்ஸ் எல்லாம் வீணாகிவிடுமா? பழைய கேமராவில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்? நடுவில் ஒருவர் கேனான் எம்50 பழையது இருக்கிறது, அதுவும் மிரர்லெஸ்தான் என்கிறார்.

பழங்கண்ணாடி:

லென்ஸ் வீணாகாது. கேனானின் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்50, ஆர்10 மாதிரி இன்றைய மிரர்லெஸ் உடல்களில் ஆட்டோ ஃபோகஸோடு முழுதாக வேலை செய்யும். எம்50 நல்ல கேமராதான், ஆனால் அதன் இஎஃப்-எம் வரிசையையே கேனான் நிறுத்திவிட்டது, அந்த லென்ஸ்களை ஆர் வரிசையில் மாட்டவே முடியாது. உங்கள் ஆபீஸ் நண்பர்கள் சொல்கிற "காலம் முடிந்தது" என்பது அந்த மிரர்லெஸ்ஸுக்குத்தான் அதிகம் பொருந்தும். 200டி உடலுக்கு வயதாகலாம், லென்ஸ் உங்களோடு வரும். கல்யாண போட்டோகிராபர்கள் எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் இஎஃப் லென்ஸ்கள் பழையதாக நிறைய வெளியே வருகின்றன. மிச்சப் பணத்தில் 10-18 ஸ்டெபிலைசர் லென்ஸ் தேடுங்கள், அந்த 16 மிமீ ஏக்கம் தீர்ந்துவிடும். கோபுரத்துச் சுதைக்கும் விமானத்தின் மேல்நிலைக்கும் 55-250 எஸ்டிஎம் லென்ஸ். அவசரம் இல்லை, ஒவ்வொன்றாக.

ஒளிப்பட்டறை:

பழைய கேமரா பார்ப்பது பற்றி நான் சொல்கிறேன், பழுது பார்ப்பதுதான் என் தொழில். நம் டெல்டாவில் முதல் எதிரி பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பூஞ்சை பிடித்ததைச் சுத்தம் செய்தாலும் கோட்டிங் அரித்த தடம் போகாது.

பிறகு எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். அது கழுவினால் போகும், விலையைக் குறைக்கக் கேளுங்கள். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது நிக்கானில் படத்தின் விவரத்திலேயே இருக்கும், இந்தக் கேனானில் அப்படி வராது, அதனால் உடலைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். ஸ்டூடியோவில் ஓடின கேமரா என்கிறீர்கள், எனவே ஷட்டர் பட்டன், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா, கைப்பிடி ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையை முழுதாகத் திறந்து சுழற்றி மூடுங்கள். அந்த மடிப்புக்குள் போகிற ரிப்பன் கேபிள் போனால் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரை அணையும், கடையில் நேராக வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. உங்களுக்கு அந்தத் திரைக்காகத்தானே இந்தக் கேமரா.

வாங்கிய பிறகு பைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமரா பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல நிற சிலிக்கா ஜெல், அது இளஞ்சிவப்பாக மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். ஸ்டூடியோ அண்ணனிடம் அசல் பேட்டரியா, வேறு கம்பெனியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், உப்பியிருந்தால் அதை வாங்கவே வேண்டாம், புதிதாக எல்பி-இ17 ஒன்று போட்டுவிடுங்கள்.