தைல மரம் வெட்டியாச்சு, மறுபடி நட ஆள் இல்லை. செலவை எதில் குறைக்கலாம்?

கொட்டாம்பட்டிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மேலூர் தாலுகா கொட்டாம்பட்டி பக்கம் 5 ஏக்கர், செம்மண் சரளை, முழுக்க மானாவாரி. அப்பா 6 அடிக்கு 6 அடி வைத்த தைல மரம், இரண்டு தடவை மறுதாம்பு, அதாவது வெட்டிய தூரிலேயே மறுபடி துளிர்க்க விட்டாயிற்று, இப்போது மூன்றாவது வெட்டு பேப்பர் மில்லுக்கு லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஜேசிபி விட்டுத் தூர் பிடுங்கி, உழுது, குழி எடுத்து, கன்று வைத்து, அதற்குமேல் களையும் எடுத்தால் மரம் விற்ற காசில் பாதி அதற்கே போய்விடும் போல. ஆள் கூப்பிட்டால் நூறு நாள் வேலை இருக்கிறது என்கிறார்கள், வருகிறவர்களும் வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, சரளையில் கடப்பாரை போடுவது லேசான வேலையா. எதில் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

வாடிப்பட்டி மானாவாரி:
அண்ணே, எதற்குத் தூர் பிடுங்க வேண்டும்? இன்னொரு தடவை மறுதாம்பே விடுங்கள், குழியும் இல்லை கன்றும் இல்லை. கோடாரி வேண்டாம், ரம்பத்தில் தரையிலிருந்து அரை அடிக்குள் சாய்வாக அறுக்கச் சொல்லுங்கள், பட்டை உரிந்தால் துளிர் சரியாக வராது. துளிர் ஆள் உயரம் வந்ததும் தூருக்கு இரண்டை விட்டு மீதியைக் கழித்துவிட்டால் முடிந்தது.

நர்சரி அழகர்கோவில் ரோடு:
முதல் மறுதாம்புக்கு இது சரி. மூன்று வெட்டு கண்ட தூரில் அங்கங்கே செத்துப்போயிருக்கும், காட்டுக்குள் நடந்து எண்ணிப் பாருங்கள் சார், மூன்றில் ஒன்று காலியாக இருந்தால் இன்னும் ஐந்து வருடம் அந்தக் காட்டை வைத்திருப்பதே நஷ்டம். அது போக, உங்கள் அப்பா வைத்தது விதைக் கன்றாக இருக்கும், இப்போது குளோன் கன்று, அதாவது நல்ல மரத்தின் துளிரை வெட்டி வேர்விட வைத்த கன்று வைத்தால் மரம் ஒரே சீராக வரும்.

ஆனால் தூர் பிடுங்கும் செலவு தேவையே இல்லை. பழைய வரிசை அப்படியே இருக்கட்டும், இடைவெளியில் புது வரிசை போடுங்கள், பழைய தூரில் துளிர் வரவர விடாமல் ஒடித்துக்கொண்டே வந்தால் நாளடைவில் செத்துக் கரையான் தின்றுவிடும். களைக்கொல்லி அடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் காற்றில் பக்கத்துக் கன்றும் கருகும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இடைவெளி விட்டு ஒரு இடைவெளியில் நட்டால் வரிசைக்கு வரிசை 12 அடி கிடைக்கும், அதில் 5 அடிக்கு ஒரு கன்று என்றால் ஏக்கருக்கு சுமார் 725தான் வருகிறது, 6க்கு 6-இல் 1210. கன்றும் குழியும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. கன்று பாலித்தீன் பையில் வாங்காதீர்கள், ரூட் டிரெய்னர் (தட்டில் அடுக்குகிற சின்ன பிளாஸ்டிக் குப்பி) கன்றாக வாங்குங்கள், ஒரே ஆள் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் நட்டுவிடலாம், மண்ணைச் சுமக்கிற வேலை மிச்சம்.

திருமங்கலம் கரிசல்:
குழிக்கு டிராக்டரில் மாட்டுகிற ஆகர், அதாவது திருகு மாதிரி சுற்றிக் குழி தோண்டுகிற கருவி, வாடகைக்குக் கிடைக்கிறது. எங்கள் கரிசலில் ஈரத்தில் ஓட்டினால் குழிச் சுவர் வழவழவென்று இறுகி, வேர் பக்கவாட்டில் போகாமல் குழிக்குள்ளேயே சுற்றும், கடப்பாரையால் சுவரை நாலு குத்துக் குத்திவிட வேண்டும். உங்கள் சரளையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பாறை தட்டினால் வண்டிக்காரர் பாட்டுப் பாடுவார்.

ஜப்பானில் இதே ஆள் பஞ்சம்தான். அங்கே ஹெக்டேருக்கு 3000 கன்று வைப்பது பழைய வழக்கம், இப்போது 2000 அளவுக்குக் குறைக்கப் பார்க்கிறார்கள். இன்னொன்று, மரம் வெட்ட வந்த மெஷினை வைத்தே கழிவை ஒதுக்கி, அது இறங்கிப் போவதற்குள் நிலத்தைத் தயார் செய்து, களை முளைக்குமுன் கன்று வைத்துவிடுகிறார்கள். அங்கே மலைச் சரிவு, நமக்குச் சமதரை, இன்னும் சுலபம். லோடு ஏற்றுகிற அதே டிராக்டரை விட்டு தழை, கிளையை எல்லாம் பழைய வரிசையில் ஒதுக்கச் சொல்லுங்கள், கொளுத்த வேண்டாம். மூடிக் கிடக்கிற இடத்தில் களையும் வராது, ஈரமும் நிற்கும்.

வாடிப்பட்டி மானாவாரி:
சரி, மூன்று வெட்டு என்றால் நர்சரிக்காரர் சொல்வதுதான் சரி. பழைய தூர் வரிசைகளுக்கு நடுவே நடாமல் விட்ட 6 அடிச் சந்தில் சின்ன டிராக்டர் போகும், அங்கே களைக்கு ஆள் வேண்டாம், கன்றைச் சுற்றி மட்டும் கொத்திவிட்டால் போதும். முதல் வருடம் அந்தச் சந்தில் உளுந்தோ கடலையோ போடுங்கள், உழவுக் கூலி அதில் வந்துவிடும். கை வைக்கக் கூடாதது அந்த முதல் வருடக் களைதான், அதில் கஞ்சத்தனம் பண்ணினால் சீமைக்கருவேல் ஏறிவிடும்.

கொட்டாம்பட்டிக்காரன்:
எண்ணிப் பார்த்தேன், சார் சொன்ன மாதிரிதான், நிறையத் தூர் போய்விட்டது. புது வரிசைதான் போடப் போகிறேன். வரப்பு ஓரமாகக் கொஞ்சம் மலைவேம்பு வைக்கலாமா? ஐப்பசி மழைக்கு நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது இல்லையா?

நர்சரி அழகர்கோவில் ரோடு:
முதல் நல்ல மழை இறங்கி ஒரு அடி ஈரம் ஆனதும் நடுங்கள், தூறலை நம்பி நடாதீர்கள். தைலத்தை ஆடு தொடாது, மலைவேம்பை விடாது, வேலி இல்லாமல் வைக்க வேண்டாம். வரப்புக்கு வேறு மரக்கன்று வேண்டுமானால் அரசின் பசுமைப் போர்வை திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறதா என்று அரசின் உழவன் செயலியில் பாருங்கள். ஆகர் வண்டிக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், மழை ஆரம்பித்துவிட்டால் கையில் சிக்க மாட்டார்.