யாங்கோனில் 8 ஜிபி லேப்டாப்: யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 போதுமா, 5 வாங்கலாமா?

தாமுவே_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். வரலாற்று வியூக விளையாட்டு ஒன்று காசு கொடுத்து வாங்கலாம் என்று இருக்கிறேன். நாடு ஒன்றைக் கையில் எடுத்து நூறு, இருநூறு வருடம் ஓட்டுகிற ரகம். தெருவுக்குத் தெரு சிப்பாய் விடுகிற ஆட்டமெல்லாம் ஆடிச் சலித்துவிட்டது. யூரோப்பா யுனிவர்சாலிஸ் ஆட்ட வீடியோவில் ஒருவர் பழைய பர்மிய அரசான தவுங்குவை எடுத்து சயாமின் தலைநகர் அயுத்தயா வரை பிடித்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

என் நிலைமை இதுதான். லேப்டாப் பழையது: எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பேட்டரி செத்தே போய்விட்டது, கரண்டு போனால் வீட்டு இன்வெர்ட்டர் மூச்சு விடுகிற வரைதான். யூரோப்பா 5, ஸ்டீம் என்ற இணையக் கடையில் 59.99 டாலர். கியாட்டில் கணக்குப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். 4 மலிவு, ஆனால் அதற்குக் கீழே தொங்கும் டிஎல்சி (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் விரிவாக்கம்) பட்டியலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அதெல்லாம் இல்லாமல் ஆட முடியுமா?

இன்னொன்று: என்னிடம் வெளிநாட்டுக் கார்டு கிடையாது. சென்னையில் அத்தை மகன் இருக்கிறான். அங்கே ரூபாயில் விலை குறைவு, வாங்கி கிஃப்டாக அனுப்புகிறேன் என்கிறான். அது நடக்குமா?

தன்லியின்காரன்

தம்பி, 5-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நல்ல விளையாட்டுதான், குறை சொல்லவில்லை. 2025 நவம்பரில் வந்தது, 1337-இல் தொடங்குகிறது. விஜயநகரம் தலையெடுத்த புதிது, மதுரையில் சுல்தான்கள், ஹொய்சாள வல்லாளன் இன்னும் உயிரோடு. நம் ஆட்களுக்கு வாயில் எச்சில் ஊறும் காலம். ஆனால் குறைந்தபட்சமே 16 ஜிபி ரேம் கேட்கிறது. ஊர் ஊராக மக்கள்தொகை, சந்தை, சரக்கு என்று உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் லேப்டாப்பில் மெனு வருவதற்குள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும்.

4 வேறு கதை. 2013-இல் வந்தது. உங்கள் லேப்டாப் போன்ற ஒன்றில்தான் நான் பல வருடம் ஆடினேன். முதல் இருநூறு வருடம் வழுக்கிக்கொண்டு போகும். 1700 தாண்டியதும் மாதம் ஒன்று நகர நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதுவரை போகிறவர்கள் குறைவு என்பது தனி விஷயம்.

தெற்கு பர்மாவின் பெகு நாட்டை எடுத்து ஆடினால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பிடிக்குமா என்று நீங்களே பாருங்கள். வரைபடம் திறக்கும்போது தேதி 1444 நவம்பர் 11, நேரம் நின்றுகொண்டிருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் நாள் ஓடும். உங்கள் அரசருக்கு ஆட்சி, ராஜதந்திரம், படை என்று மூன்று திறமை, ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை. மாதாமாதம் உங்களுக்கு விழும் புள்ளிகள் அதைப் பொறுத்தே. தொழில்நுட்பம் ஏற்ற வேண்டுமா, நாட்டை அமைதிப்படுத்த வேண்டுமா, பிடித்த நிலத்தைச் சொந்தமாக்க வேண்டுமா, எல்லாமே அந்தப் புள்ளிகளில்தான். அரசர் மந்தமானவர் என்றால் அவர் சாகும் வரை நீங்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்து யார் வருவார் என்பது பெரும்பாலும் பகடை. பெகுவை ஆண்ட ஷின் சோபு போல ஒரு ராணி வருவாள், ஷ்வேடகோன் பகோடாவுக்குத் தன் எடைக்குத் தங்கம் கொடுப்பாள் என்று காத்திருக்காதீர்கள்.

தேரவாத பௌத்த நாடு என்பதால் கர்மா என்று ஒரு அளவுகோலும் உண்டு. நிலம் பிடித்துக்கொண்டே போனால் இறங்கும், கூட்டாளி கூப்பிட்ட போருக்குப் போனால் ஏறும். இரண்டு ஓரத்துக்கும் போகாமல் நடுவில் வைத்திருந்தால்தான் லாபம். வடக்கே ஆவா, பக்கத்தில் தவுங்கு, மேற்கே அரக்கான், அதற்கு அப்பால் வங்காளம். எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 4-இல் வாணிபம் ஒரே திசை. சரக்கு எங்கிருந்து கிளம்பினாலும் அம்புக்குறி கடைசியில் ஐரோப்பாவின் வெனிஸுக்கோ ஜெனோவாவுக்கோ ஆங்கிலக் கால்வாய்க்கோ போய் முடியும். நீங்கள் வங்காள விரிகுடா முழுவதையும் பிடித்தாலும் அந்த அம்பைத் திருப்ப முடியாது. எங்கள் ஊர் தன்லியினில் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியன் கோட்டை கட்டி உட்கார்ந்து, 1613-இல் கழுவேற்றப்பட்டான். அந்த மண்ணில் நின்று பார்க்கிறவனுக்கு இந்த அம்புக்குறி கொஞ்சம் எரிச்சல்தான். 5-இல் இதை மாற்றிவிட்டார்கள், சந்தைகள் தாமாகவே வளர்ந்து தேய்கின்றன.

டிஎல்சி பற்றி: தொடக்கத்தில் ஒன்றும் வேண்டாம். வெறும் அடிப்படை விளையாட்டைக் கற்கவே மாசக்கணக்காகும். தர்மா என்பது 2018-இல் வந்த இந்தியா பக்க விரிவாக்கம், லெவியத்தான் 2021-இல் வந்தது, தென்கிழக்கு ஆசியாவுக்கு. பின்னது வந்த அன்று ஆட்டக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள், அப்புறம் திருத்தினார்கள். பிடித்துப்போனால் பிறகு பார்க்கலாம். மாதச் சந்தா போட்டு எல்லா விரிவாக்கத்தையும் திறக்கும் வழியும் இருக்கிறது. தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகிற ஏற்பாடு அது, கார்டும் இல்லாத உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மோல்மீன்_அக்கா

தன்லியின்காரர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தம்பி எதற்காக ஆடப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லையே. யூரோப்பா 4 முடிகிறது 1821-இல். முதல் ஆங்கிலேய பர்மியப் போர் 1824. நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறிய கதையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விக்டோரியா 3 என்று ஒன்று இருக்கிறது, 1836 முதல் 1936 வரை. அரக்கானும் தெனாசரிமும் ஏற்கெனவே கிழக்கிந்தியக் கம்பெனி கையில், ஆவாவில் கொன்பவுங் வம்ச அரசர். நீங்கள் பர்மாவை எடுத்து ஆடலாம். அதில் மக்கள்தான் கணக்கு: இனம், மதம், தொழில் வாரியாக ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு சம்பாதிக்கிறது, என்ன சாப்பிடுகிறது, எங்கே குடிபெயர்கிறது என்று பார்க்கலாம். தமிழர் என்ற இனமும் அதில் உண்டு. நெல் வயலைப் பெருக்கினால் வேலைக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கு.

குறையும் உண்டு. வட்டிக்கடைச் செட்டியாரை அதில் தேடாதீர்கள். 1930களில் நெல் விலை விழுந்து, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போனது இந்த நாட்டுச் சரித்திரத்தையே திருப்பிய விஷயம். விளையாட்டு அதைத் தொடுவதே இல்லை, முதலீட்டுக் குவியல் என்று ஒரு எண்ணோடு முடித்துக்கொள்கிறது. போரும் சப்பென்று இருக்கும், படையை நாமே நகர்த்த முடியாது, தளபதியை முனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கடாரம்_1025

இரண்டு பேரும் சோழரை விட்டுவிட்டீர்களே! க்ரூசேடர் கிங்ஸ் 3 வாங்குங்கள். 1066-இல் தொடங்கினால் சோழ நாட்டில் வீரராஜேந்திரர், பகானில் பர்மிய அரசர் அனவ்ரதா. ஒரே வரைபடத்தில் இரண்டு பேரும்.

தன்லியின்காரன்

கடாரம் தம்பி, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் அது நாட்டை ஆளும் விளையாட்டு இல்லை, குடும்பத்தை ஆளும் விளையாட்டு. மச்சான் சதி செய்வான், மூத்த மகன் குடித்தே அழிவான், பெண் கொடுத்த இடத்தில் வாரிசுச் சண்டை வரும். நாடகம் பிடித்தவர்களுக்கு அமிர்தம். கேட்டவர் தவுங்குவைக் கேட்கிறார், அது அந்தக் காலத்துக்குப் பிந்தியது. பகானில் நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்து ஆடினால் ருசி கூடும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பன்சோடன்_கடைப்பையன்

காசு விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் கடையில் தினமும் கேட்கும் கேள்வி. சென்னை கிஃப்ட் பெரும்பாலும் நடக்காது. இரண்டு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் ஸ்டீம் அனுப்பவே விடாது. விபிஎன் போட்டு நாட்டை மாற்றி வாங்குவதும் வேண்டாம், கணக்கையே முடக்கிவிடுவார்கள். தெரிந்த கடையில் வாலட் கோடு (ஸ்டீம் கணக்கில் காசு ஏற்றும் எண்) வாங்குங்கள், மொபைல் பேயில் காசு கொடுக்கலாம். நமக்கு ஸ்டீம் டாலரில்தான் காட்டும், அதனால் டாலர் கோடுதானா என்று கேட்டு வாங்குங்கள். கோடைக் கடையிலேயே உங்கள் கணக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவசரப்படவும் வேண்டாம். யூரோப்பா 4 தள்ளுபடியில் நாலில் ஒரு பங்கு விலைக்கு அடிக்கடி வரும். விஷ்லிஸ்டில் போட்டால் மெயில் வந்துவிடும்.

திருப்பித் தரும் வசதியை நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணிக்குள் இருக்க வேண்டும். இந்த ரக விளையாட்டில் 2 மணி நேரம் என்பது பொத்தான்கள் எதற்கு என்று பார்ப்பதற்கே போய்விடும். அதனால் முதல் நாள் ஓடுகிறதா, சூடாகிறதா என்று மட்டும் சோதியுங்கள்.

தாமுவே_தம்பி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, விக்டோரியா ஆசையைக் கிளப்பிவிட்டீர்கள், அது புது லேப்டாப் வந்த பிறகு. தள்ளுபடி வந்ததும் யூரோப்பா 4 வாங்கினேன், அடிப்படை மட்டும். இறங்கிவிட்டது. லாஞ்சர் (விளையாட்டைத் தொடங்கும் சிறு சன்னல்) வருகிறது, ஆடு பொத்தானை அழுத்தினால் லாஞ்சர் மூடுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. ஃபைல்களைச் சரிபார்க்கச் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் சரி என்கிறது.

தன்லியின்காரன்

விண்டோஸில் உங்கள் பயனர் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது? தமிழிலா, பர்மிய எழுத்திலா? சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

தாமுவே_தம்பி

பர்மிய எழுத்தில், அண்ணே. கடையில் விண்டோஸ் போடும்போதே அப்படி வைத்துவிட்டார்கள்.

தன்லியின்காரன்

அதுதான். இந்த விளையாட்டு சேமிப்பையும் அமைப்பையும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுதப் பார்க்கும். அங்கே போகும் பாதையில் ஆங்கில எழுத்தல்லாத பெயர் இருந்தால் பல சமயம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இருக்கிற பெயரை மாற்றாதீர்கள், ஃபோல்டர் பெயர் கூடவே மாறாது. செட்டிங்ஸில் புதிதாக ஒரு உள்ளூர்க் கணக்கு, வெறும் ஆங்கில எழுத்தில். அதில் நுழைந்து ஸ்டீமைத் திறங்கள். திரும்ப இறக்கத் தேவையில்லை, விளையாட்டு இருக்கும் இடத்தை அதுவே கண்டுகொள்ளும்.

ஓடியதும் செய்ய வேண்டியது: அயர்ன்மேன் முறையில் தொடங்காதீர்கள். அதில் சேமிப்பு ஒன்றே ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கதை முடிந்தது. சாதாரண முறையில் தானியங்கிச் சேமிப்பை அடிக்கடி வையுங்கள், நடுநடுவே வேறு வேறு பெயரில் நீங்களும் சேமியுங்கள். ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்தால் நெட் போனாலும் ஆடலாம்.

தாமுவே_தம்பி

ஓடுகிறது அண்ணே! புதுக் கணக்கில் முதல் அழுத்தத்திலேயே திறந்தது. விசிறி சத்தம் போடுகிறது, ஆனால் வேகம் மூன்றில் தடங்கல் இல்லை. பெகுவில் தொடங்கி, ஆவாவும் அரக்கானும் சேர்ந்து அடித்ததில் மார்த்தபான் மாகாணத்தோடு மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

தன்லியின்காரன்

முதல் ஆட்டத்துக்கு அது கௌரவமான நிலைமை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: பலர் சேர்ந்து ஆடும்போது, ஆட்டத்தை நடத்துகிறவரிடம் இருக்கும் டிஎல்சி எல்லோருக்கும் திறக்கும். என்னிடம் தர்மா, லெவியத்தான் எல்லாம் இருக்கிறது. ஞாயிறு காலை எங்கள் பக்கம் கரண்டு இருக்கும், உங்கள் பக்கமும் இருந்தால் நான் நடத்துகிறேன். நீங்கள் தவுங்கு, நான் விஜயநகரம்.

கடாரம்_1025

நானும் வருகிறேன். எனக்கு வங்காளம்.